கீழே நாம், மேலே குடித்தனம்: அமெரிக்காவில் குடியிருக்கும் வீட்டிலிருந்தே வாடகை வருமானம் பார்க்க ஒரு வழிகாட்டி

2024 மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரு டூ ஃபேமிலி வீடு வாங்கினோம். கீழ் போர்ஷனில் நாங்கள், மேல் போர்ஷனில் ஏற்கெனவே குடியிருந்த ஒரு குடும்பம். மேலிருந்து வரும் வாடகை மாதத் தவணையில் பெரும்பகுதியைத் தாங்கும் என்ற கணக்கோடு இறங்கினோம். அந்தக் கணக்கு தப்பவில்லை, காகித வேலையில்தான் கோட்டை விட்டோம். மேல் போர்ஷன் குடும்பம் கொடுத்து, பழைய வீட்டுக்காரரிடம் இருந்த அட்வான்ஸ் எங்கள் கைக்கு வரவில்லை. முதல் வருஷ வரிக் கணக்கில் தேய்மானத்தை (கட்டடம் பழையதாவதற்காக வருஷா வருஷம் வாடகை வருமானத்தில் கழிக்கும் தொகை) காட்டாமல் விட்டோம். வெளியேறிய பிறகு இன்ஷூரன்ஸை மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 15 மாதத்திலேயே அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் பணம் போனது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருக்கும் வீடு என்றால் கடன் மலிவு, வரியிலும் சலுகை. அதற்கு ஈடாக நீங்கள் அங்கே உண்மையிலேயே குடியிருந்தாக வேண்டும். எவ்வளவு காலம் என்பதில் கடனுக்கு ஒரு கெடு, வரிக்கு வேறொரு கெடு. கடனுக்கு 12 மாதம், வரிக்கு 24 மாதம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

1. எந்த வகை வீடு என்று முதலில் தீர்மானியுங்கள்

மூன்று வழிகள் உண்டு. தனி வீடு வாங்கி ஓர் அறையையோ பேஸ்மென்ட்டையோ வாடகைக்கு விடலாம். இரண்டு முதல் நான்கு போர்ஷன் உள்ள கட்டடத்தை வாங்கி ஒன்றில் நீங்கள் இருந்துகொண்டு மற்றவற்றை விடலாம். அல்லது தனி வீட்டில் சில காலம் குடியிருந்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகும்போது பழையதை வாடகைக்கு விடலாம்.

நான்கு போர்ஷன் வரைதான் சாதாரண வீட்டுக்கடன். ஐந்து ஆகிவிட்டால் கமர்ஷியல் கடன், அதன் விதிகளே வேறு.

குழந்தைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இரண்டு போர்ஷன் வீடு. தனி வாசல், தனி சமையலறை என்று இருந்தால் இரு குடும்பத்துக்கும் நிம்மதி. தனியாளாகவோ, கணவன் மனைவி இருவர் மட்டுமோ இருந்தால் தனி வீட்டில் அறையை விடுவது எளிது. பிறகு விற்கும்போது வரியிலும் அது கூடுதல் சாதகம், காரணத்தை ஒன்பதாவது படியில் சொல்கிறேன். காண்டோ, டவுன்ஹவுஸ் பக்கம் போவதாக இருந்தால் அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிப் புத்தகத்தை ஆஃபர் போடுவதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். எத்தனை வீடுகளை வாடகைக்கு விடலாம் என்பதற்கே வரம்பு வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு.

2. உங்கள் விசாவுக்கு எந்தக் கடன் கிடைக்கும்?

முதலீட்டு வீடு என்று சொல்லி வாங்கினால், ஃபேன்னி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் பெரிய நிறுவனம்) விதிப்படி தனி வீட்டுக்குக் குறைந்தது 15 சதவீதமும், இரண்டு முதல் நான்கு போர்ஷன் வீட்டுக்கு 25 சதவீதமும் முன்பணம் (டவுன் பேமென்ட்) வேண்டும். வட்டியும் கூடுதல். அதே கட்டடத்தில் நீங்கள் குடியிருப்பதாக இருந்தால், 2023 நவம்பரிலிருந்து நான்கு போர்ஷன் வரை 5 சதவீத முன்பணம் போதும். 6,00,000 டாலர் வீட்டுக்கு 1,50,000 எங்கே, 30,000 எங்கே!

எஃப்.எச்.ஏ. கடனில், அதாவது மத்திய அரசு அமைப்பு இன்ஷூரன்ஸ் தரும் வீட்டுக்கடனில், கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5 சதவீதமே போதும். இங்கேதான் நம்மவர்கள் பலர் பழைய தகவலை நம்பி ஏமாறுகிறார்கள். 2025 மே 25 முதல் நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் கிடையாது. எச்-1பி, எல்-1 வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்தால்தான் கிடைக்கும். அதற்கு முன் வாங்கிய நண்பர் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். விசாவில் இருப்பவர்களுக்கு கன்வென்ஷனல் கடன் (அரசு இன்ஷூரன்ஸ் இல்லாத சாதாரண வீட்டுக்கடன்) திறந்தே இருக்கிறது.

எஃப்.எச்.ஏ. கிடைக்கக்கூடியவர்களும் கடனுக்கான இன்ஷூரன்ஸ் செலவைக் கூட்டிப் பாருங்கள். கடன் தொகையில் 1.75 சதவீதம் தொடக்கத்திலேயே சேரும். அதற்கு மேல் பெரும்பாலான கடன்களுக்கு ஆண்டுக்கு 0.55 சதவீதம். முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த ஆண்டுக் கட்டணம் அந்தக் கடன் முடியும் வரை போகாது. மூன்று, நான்கு போர்ஷன் வீடு என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: நீங்கள் குடியிருக்கப் போவதையும் சேர்த்து எல்லாப் போர்ஷன்களின் வாடகையையும் கூட்டி, அதில் 75 சதவீதம் எடுத்தால், அது மாதத் தவணை, வரி, இன்ஷூரன்ஸ் மொத்தத்தையும் தாங்க வேண்டும். விலை உயர்ந்த ஊர்களில் இந்தச் சோதனையில் தேறும் கட்டடங்கள் குறைவு. ஆஃபர் போடுவதற்கு முன்பே லோன் ஆஃபீசரிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: இரண்டு வருஷ டபிள்யூ-2 (அலுவலகம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்), இரண்டு வருஷ வரித் தாக்கல், கடைசி 30 நாள் சம்பளச் சீட்டு, எல்லாக் கணக்குகளின் இரண்டு மாத ஸ்டேட்மென்ட் (வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களும்), பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), இருந்தால் இ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை). விசா முடியும் தேதி நெருங்கியிருந்தால் நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். எங்களிடம் அதைக் கேட்டது க்ளோசிங்குக்கு, அதாவது பணம் கட்டி வீடு கைமாறும் நாளுக்கு, நான்கு நாள் முன்பு.

வாடகை வாங்குவது விசாவை மீறுவதாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீடு சொந்தமாக வைத்திருப்பதற்கும், அதிலிருந்து வாடகை வாங்குவதற்கும் தடை இல்லை. அதையே முழுநேரத் தொழில்போல நடத்தினால் சிக்கல் வரலாம். அதனால் போர்ஷன்கள் கூடக் கூட, ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

3. முன்பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்

ஊரில் அப்பா அம்மா உதவுவார்கள் என்று நம்பியிருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். போர்ஷன் வீட்டுக்கு சாதாரண கன்வென்ஷனல் கடனில் 20 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் போட்டால், முதல் 5 சதவீதம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். அன்பளிப்புப் பணத்தை அதற்கு மேல்தான் சேர்க்கலாம். அதாவது 5 சதவீதம் மட்டும் போட்டு வாங்குகிறீர்கள் என்றால் அது முழுவதும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

அன்பளிப்பு வந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று கையெழுத்திட்ட கடிதம், அனுப்பியவரின் வங்கி ஆதாரம், உங்கள் கணக்கில் வந்த பதிவு மூன்றும் வேண்டும். கடைசி இரண்டு மாதத்தில் பெரிய தொகை எது உள்ளே வந்திருந்தாலும் கேள்வி வரும். எனவே பணத்தை விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே கொண்டுவந்து ஒரே கணக்கில் வைத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து அனுப்பும் பெற்றோருக்கு ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வரம்பு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர். நீங்கள் வாங்கிய அன்பளிப்பு ஒரு வருஷத்தில் 1,00,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க வருமான வரித் துறைக்குப் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். அப்பா அனுப்பியதையும் அம்மா அனுப்பியதையும் சேர்த்துத்தான் கணக்கு. இதற்கு வரி கிடையாது, தெரிவித்தால் போதும். தெரிவிக்காவிட்டால் அபராதம் தொகையில் 25 சதவீதம் வரை போகும்.

முன்பணம் தவிர க்ளோசிங் செலவு என்று கடன் தொகையில் 2 முதல் 5 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கும் மேலே ஆறு மாதத் தவணைக்கான பணம் கையிருப்பு. வங்கியே கையிருப்பைக் கேட்கும், எஃப்.எச்.ஏ.வில் மூன்று, நான்கு போர்ஷன் வீட்டுக்கு மூன்று மாதம் கட்டாயம். ஆனால் நான் சொல்வது வங்கிக்காக இல்லை. எச்-1பியில் வேலை போனால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதே மாதம் மேல் போர்ஷனும் காலியாகலாம்.

4. வாடகையை வங்கி எப்படிக் கணக்கிடும்

முழு வாடகையையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீடு காலியாக இருக்கும் நாட்கள், ரிப்பேர் எல்லாவற்றுக்கும் என்று 25 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதியை உங்கள் வருமானத்தோடு சேர்ப்பார்கள். மேல் போர்ஷன் வாடகை 2,200 டாலர் என்றால் 1,650தான் கணக்கில் வரும். நீங்கள் வீட்டில் போடும் கணக்கிலும் இதே 75 சதவீதத்தை வையுங்கள். அப்படி வைத்தும் தாங்கவில்லை என்றால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.

போர்ஷன் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் படிவம் 1025இல் சந்தை வாடகையையும் எழுதுவார். தனி வீட்டு மதிப்பீட்டைவிட இதற்குக் கட்டணம் அதிகம், நாளும் அதிகம் பிடிக்கும். தனி வீட்டில் அறையை விடப் போகிறேன் என்றால் அந்த வருமானத்தைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உங்கள் சம்பளத்திலேயே கடன் தேற வேண்டும்.

5. வீடு பார்க்கும்போது

முதல் கேள்வி: சட்டப்படி இது எத்தனை போர்ஷன்? விளம்பரத்தில் மூன்று என்று இருக்கும், நகராட்சிப் பதிவில் இரண்டு என்று இருக்கும். பேஸ்மென்ட்டில் அடுப்பு வைத்து ஒரு போர்ஷன் ஆக்கியிருப்பார்கள். அனுமதியில்லாத போர்ஷனின் வாடகையை வங்கி நம்பாது. தீ விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம். நகராட்சி அலுவலகத்தில் நீங்களே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விற்பவரின் ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

மின்சாரம், எரிவாயுவுக்குத் தனித்தனி மீட்டர் இருக்கிறதா என்று பேஸ்மென்ட்டில் இறங்கிப் பாருங்கள். ஒரே ஹீட்டர் இரண்டு போர்ஷனுக்கும் ஓடினால் குளிர்கால பில் முழுவதும் உங்கள் தலையில். வாடகை கணக்கையே இது மாற்றிவிடும்.

1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் இருக்கலாம். விற்பவர் அதைப் பற்றித் தெரிந்ததை எழுதித் தர வேண்டும், பரிசோதிக்க உங்களுக்கு 10 நாள் உரிமை உண்டு. நாளை நீங்கள் வாடகைக்கு விடும்போது அதே அறிவிப்பையும் அரசின் கையேட்டையும் குடித்தனக்காரருக்கு நீங்கள் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை மூன்று வருஷம் பத்திரப்படுத்துங்கள்.

6. ஒப்பந்தத்திலிருந்து க்ளோசிங் வரை

விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் லோன் எஸ்டிமேட் (வட்டி, செலவுகளின் உத்தேசக் கணக்கு) வரும். க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாட்கள் முன்பு க்ளோசிங் டிஸ்க்ளோஷர் (இறுதிக் கணக்கு) வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து வரி வரியாகப் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு வழக்கறிஞர் பார்வைக்கு மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. கீழே சொல்வதையெல்லாம் அந்த மூன்று நாளுக்குள் ஒப்பந்தத்தில் ஏற்றிவிட வேண்டும்.

நீங்கள் குடிபோகப் போகும் போர்ஷன் க்ளோசிங் நாளில் காலியாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே ஒருவர் ஒரு வருஷ லீஸில் இருந்தால் வீடு கைமாறினாலும் அந்த லீஸ் மாறாது, நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். ஆனால் 60 நாளுக்குள் குடிபோகச் சொல்லும் வங்கி காத்திருக்காது.

மற்ற போர்ஷனில் தொடர்ந்து இருக்கப் போகிறவரிடமிருந்து எஸ்டாப்பல் சான்று வாங்கச் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு, எதுவரை கட்டியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார், பழைய வீட்டுக்காரர் ஏதாவது செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாரா என்று குடித்தனக்காரரே கையெழுத்திட்டுத் தரும் காகிதம் அது. எங்களுக்கு அது யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லீஸ் நகல் மட்டும் கொடுத்தார்கள். அதில் ஒன்றரை மாத வாடகை, 3,300 டாலர் அட்வான்ஸ் என்று இருந்தது. க்ளோசிங் கணக்கில் அந்தத் தொகை எங்கள் பக்கம் வரவு வைக்கப்படவே இல்லை. அன்று 60 பக்கம் கையெழுத்துப் போடும் அவசரத்தில் நாங்களும் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பம் காலி செய்தபோது சட்டப்படி திருப்பித் தர வேண்டியவர்கள் நாங்கள்தான். கைப்பணத்திலிருந்து கொடுத்தோம். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, நல்ல மனிதர்கள்.

அட்வான்ஸ், அந்த மாத வாடகையில் மீதி நாட்களுக்கான பங்கு, சாவிகள், அசல் லீஸ். க்ளோசிங் மேசையில் இந்த நான்கையும் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

7. 60 நாள், 12 மாதம்

கடன் பத்திரத்தில் தெளிவாக இருக்கும்: 60 நாளுக்குள் குடிபோக வேண்டும், குறைந்தது ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்பவர்கள் நிறைய. குடியிருக்கும் எண்ணமே இல்லாமல் குடியிருப்பேன் என்று கையெழுத்துப் போடுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வங்கிக்குப் பொய்த் தகவல் தருவதற்கு அதிகபட்சத் தண்டனை 30 வருஷச் சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும். விசாவில் இருக்கும் ஒருவர் இதில் விளையாடவே கூடாது.

குடிபோன வாரத்திலேயே ஓட்டுநர் உரிமம், வங்கி, அலுவலகம், கார் இன்ஷூரன்ஸ், ஏ.ஆர்-11 (குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் தெரிவிக்கும் படிவம்) என எல்லா முகவரியையும் மாற்றுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் பதிவுகள்தான் நீங்கள் எந்தத் தேதியிலிருந்து அங்கே குடியிருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. வரிக்கும் இதே சாட்சி தேவைப்படும்.

உங்கள் மாநிலத்தில் ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை) இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். டெக்சாஸில் அது இருந்தால் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது, ஃபுளோரிடாவில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. போர்ஷன் வீட்டில் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு மட்டும்தான் சலுகை பொருந்தும்.

8. குடித்தனம் வைக்கும்போது

நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்", "குழந்தை இல்லாதவர்களுக்கு முன்னுரிமை" போன்ற விளம்பரங்கள் எனக்குப் பயமாகவே இருக்கின்றன. ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், பிறந்த நாடு, மதம், பாலினம், குழந்தைகள் உள்ள குடும்பம், உடற்குறை ஆகிய ஏழின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வீட்டுக்காரரே குடியிருக்கும் நான்கு போர்ஷன் வரையான கட்டடங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஓரளவு விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு விளம்பரத்துக்குப் பொருந்தாது. இனத்தின் பேரில் மறுப்பதற்கு 1866ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் விலக்கே இல்லை. பல மாநிலச் சட்டங்கள் இன்னும் கடுமையானவை. வாடகை, படுக்கையறை எண்ணிக்கை, எந்தத் தேதியில் காலி, வருமானம் எவ்வளவு வேண்டும் என்பதோடு விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாமே புது நாட்டில் வீடு தேடி அலைந்தவர்கள்தானே.

கிரெடிட் ரிப்போர்ட் எடுக்க எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அதைப் பார்த்து ஒருவரை மறுத்தால், எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டை வைத்து மறுத்தீர்கள் என்று அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

அட்வான்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாசசூசெட்ஸில் ஒரு மாதம்தான், அதுவும் அந்த மாநில வங்கியில் தனியாக வட்டி வரும் கணக்கில் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பொதுவாக ஒரு மாதம், சிறு வீட்டுக்காரர்களுக்கு இரண்டு. எந்த மாநிலமாக இருந்தாலும் அந்தப் பணத்தை உங்கள் செலவுக் கணக்கில் கலக்காதீர்கள். குடிவருவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஏர்பிஎன்பி போல நாள் வாடகைக்கு விட நினைத்தால் ஊர் விதியை முதலில் பாருங்கள். நியூயார்க் நகரத்தில் 30 நாளுக்குக் குறைவாக விட்டால் பதிவு செய்திருக்க வேண்டும், நீங்களும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது.

9. வரி: முதல் நாளிலிருந்தே கோப்பு

வாடகை வருமானமும் செலவும் வருமான வரித் தாக்கலின் ஷெட்யூல் இ என்ற இணைப்புப் படிவத்தில் போகும். மேல் போர்ஷனுக்கு மட்டும் செய்த ரிப்பேர் முழுதும் கழியும். கூரை, ஹீட்டர், சொத்து வரி, கடன் வட்டி போன்ற பொதுச் செலவில் வாடகைப் பகுதியின் பங்கு மட்டும் அங்கே போகும். பரப்பளவை வைத்துப் பிரிப்பது நல்லது. ஒருமுறை வைத்த விகிதத்தை வருஷா வருஷம் மாற்றாதீர்கள்.

தேய்மானம்தான் பெரிய சலுகை. குடியிருப்புக் கட்டடத்தை 27.5 வருஷத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம், நிலத்துக்குக் கிடையாது. உதாரணமாக 6,00,000 டாலர் வீட்டில் நிலம் 1,50,000 என்றால் கட்டடம் 4,50,000. அதில் பாதி வாடகைப் பகுதி, 2,25,000. அதை 27.5ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 8,180 டாலர். நிலம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்ற பிரிவினையைச் சொத்து வரி நோட்டீஸிலிருந்து எடுக்கலாம்.

"தேய்மானம் எடுத்தால் விற்கும்போது திருப்பிக் கட்ட வேண்டும், எடுக்காமலே விடலாம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு 2024 கணக்கில் நாங்கள் அதை விட்டுவிட்டோம். இது முழுத் தவறு. நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எடுத்திருக்க வேண்டிய தொகைக்கு விற்கும்போது 25 சதவீதம் வரை வரி போடுவார்கள். ஒரு வருஷம் மட்டும் விட்டிருந்தால் திருத்திய கணக்கு 1040-எக்ஸ் மூலம் சரி செய்யலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ விட்டிருந்தால் படிவம் 3115, அதற்கு நல்ல சி.பி.ஏ. (அமெரிக்கக் கணக்காளர்) வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு ஒரு விஷயம். தேய்மானத்தால் வாடகைக் கணக்கில் நஷ்டம் வந்தால் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழிக்கலாம். ஆனால் வருமானம் 1,00,000ஐத் தாண்டியதும் அது குறையத் தொடங்கி, 1,50,000இல் சுத்தமாகப் போய்விடும். நஷ்டம் வீணாகாது. படிவம் 8582 வழியாக அடுத்தடுத்த வருஷங்களுக்குப் போகும், விற்கும்போது கைகொடுக்கும். ஆகவே முதல் வருஷமே வரி குறையும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

இனி விற்கும்போது. கடைசி ஐந்து வருஷத்தில் மொத்தம் இரண்டு வருஷம் நீங்கள் சொந்தமாக வைத்திருந்து குடியிருந்த வீடு என்றால், லாபத்தில் 2,50,000 டாலர் வரை, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 5,00,000 வரை வரி இல்லை. போர்ஷன் வீட்டில் நீங்கள் குடியிருந்த போர்ஷனின் லாபத்துக்கு மட்டும்தான் இது. தனி வீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் விட்டிருந்தால் லாபத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, எடுத்த தேய்மானத்துக்கு மட்டும் வரி. முதல் படியில் கூடுதல் சாதகம் என்றேனே, அது இதுதான்.

10. வெளியேறுவதற்கு முன்

நாங்கள் 2025 ஜூனில், பெரிய வீடு வேண்டும் என்று கிளம்பினோம். வங்கியின் 12 மாதம் முடிந்துவிட்டது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்தோம். வரிக்கு வேண்டிய 24 மாதத்தில் ஒன்பது மாதம் குறைந்துபோனது. வேலைக்காக 50 மைலுக்கு மேல் தூரம் போக நேர்ந்தாலோ, உடல்நலக் காரணம் இருந்தாலோ ஒரு பகுதிச் சலுகையாவது கிடைக்கும். பெரிய வீடு என்பது அதில் சேராது. நீங்கள் 24 மாதம் முடித்துவிட்டே கிளம்புங்கள். அப்படிக் கிளம்பினாலும் சலுகை என்றைக்கும் நிற்காது: 2024 ஜூன் முதல் 2026 ஜூன் வரை குடியிருந்திருந்தால், 2029 ஜூனுக்குள் விற்றால்தான் உண்டு. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

கிளம்பும் வாரத்திலேயே இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டை அழையுங்கள். வீட்டுக்காரர் குடியிருக்கும் பாலிசி வேறு, முழுவதும் வாடகைக்கு விட்ட வீட்டுக்கான பாலிசி வேறு. நாங்கள் புது வீட்டு வேலைகளில் இதை மறந்துவிட்டோம். அந்தக் குளிர்காலத்தில் சமையலறைக் குழாய் வெடித்துத் தரை முழுவதும் போனது. நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்று சொல்லி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். 4,000 டாலருக்கு மேல் செலவு. புதுக் குடித்தனக்காரரையும் அவருடைய பொருட்களுக்கு ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி லீஸிலேயே எழுதுங்கள்.

ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கியிருந்தால் ரத்து செய்யக் கடிதம் கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய வருஷங்களுக்கும் சேர்த்து வரியும் அபராதமும் வரும். வீட்டின் மேல் கடன் வரம்பு, அதாவது ஹீலாக், எடுக்கும் எண்ணம் இருந்தால் குடியிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வாடகை வீடு ஆனபின் கொடுக்கும் வங்கிகள் குறைவு, வட்டியும் அதிகம். நீங்கள் காலி செய்யும் போர்ஷனுக்கு லீஸ் கையெழுத்தாகி, அட்வான்ஸ் வந்த ஆதாரமும் இருந்தால் அடுத்த வீட்டுக் கடனில் அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆகவே லீஸ் முதலில், கடன் விண்ணப்பம் அப்புறம்.

உங்கள் போர்ஷன் வாடகைக்குப் போகும் நாளிலிருந்து அதற்கும் தேய்மானம் தொடங்கும். வாங்கிய விலை, அன்றைய சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. அன்றைய தேதியில் ஒரு மதிப்பீட்டை எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

எல்.எல்.சி. (பொறுப்பு வரம்புள்ள நிறுவனம்) ஒன்றைத் தொடங்கி அதன் பெயருக்கு வீட்டை மாற்றச் சொல்லி ஆலோசனை வரும். வங்கியைக் கேட்காமல் மாற்றினால், முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடுகிறது. டைட்டில் இன்ஷூரன்ஸும் (வீட்டின் உரிமையில் வில்லங்கம் வந்தால் காக்கும் பாலிசி) புதுப் பெயருக்குத் தொடருமா என்று பார்க்க வேண்டும். ஒரு வீடுதான் இருக்கிறது என்றால் கூடுதலாக ஓர் அம்ப்ரெல்லா பாலிசி (வழக்கு, நஷ்டஈடு வந்தால் மற்ற பாலிசிகளுக்கு மேல் காக்கும் இன்ஷூரன்ஸ்) எடுப்பது எளிது, செலவும் குறைவு.

நிரந்தரமாக ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே சி.பி.ஏ.வைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்க வரிச் சட்டப்படி நீங்கள் அங்கே வசிக்காத வெளிநாட்டவர் ஆனபின், நிகர வருமானத்துக்கு வரி கட்டுவதாகத் தேர்வு செய்யாவிட்டால் மொத்த வாடகையில் 30 சதவீதம் பிடித்தமாகும், செலவு எதுவும் கழியாது. விற்கும்போதும் விற்பனை விலையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார். லாபத்தில் இல்லை, விலையில். அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெற அடுத்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவை விமான டிக்கெட் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள்.